காதை அளந்து ஆடு வாங்கப் போறவனுக்கு

ஏலே பேராண்டி, சென்னை வேலையை எழுதிக் குடுத்துட்டு ஜமுனாபாரி வளர்க்கப் போறியாமே. உங்க ஆச்சி காலையிலேருந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கா. நான்தான் அவளைச் சத்தம் போட்டேன். பய நல்ல காரியத்துக்குத்தானே போறான், என்னத்துக்கு அழுகை? வாங்கு ராசா, தாராளமா வாங்கு. ஒண்ணு ரெண்டுன்னு கஞ்சத்தனம் பண்ணாதே. எடுத்த எடுப்புலேயே அம்பது உருப்படியா இறக்கிடு. நட்டப்படுறதுன்னு முடிவாயிட்டா அதுலே என்ன அரைகுறை? தோட்டத்துப் பத்திரம் பீரோவிலே சும்மாதான் கிடக்கு. அதுவும் பேங்க் வரைக்கும் போய்க் கொஞ்சம் காத்து வாங்கட்டும்.

நீ பாத்த வீடியோவை உன் தங்கச்சி எனக்கும் காட்டினா. வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் கிடாயோட காதை டேப் வச்சு அளக்காரு. அளந்து முடிச்சதும் விலையைச் சொல்லுதாரு. அதைக் கேட்டதும் கிடாயே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரிதான் எனக்குப் பட்டுது. இந்த இனத்துப் பெட்டை நாளைக்கு அஞ்சு லிட்டர் கறக்கும்னும் ஒரே போடாப் போட்டாரு. காதுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்னு அவரும் சொல்லலை, நீயும் கேக்கலை. படிச்ச புள்ளே, காரணமாத்தான் கேக்காம இருந்திருப்பே.

நான் அந்த ஆட்டை அது பிறந்த மண்ணுலேயே பாத்தவன். கோவில்பட்டித் தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு வடக்கே லாரி ஓட்டின காலம். ஆக்ரா தாண்டி கான்பூர் போற வழியிலே, உத்தரப்பிரதேசத்துலே, இட்டாவான்னு ஒரு ஊரு. அந்த ஜில்லாவிலே சகர்நகர் பக்கம்தான் ஜமுனாபாரிக்குப் பிறந்த வீடு. யமுனையும் சம்பலும் அங்கனதான் சேருது. கொஞ்சம் தள்ளி இன்னும் மூணு ஆறு வந்து விழுது. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் மண்ணு அரிச்சு அரிச்சு, ஆளு மறையுற ஆழத்துக்குப் பள்ளமும் மேடுமாக் கிடக்கும். உழ முடியாது, வீடு கட்ட முடியாது. இலந்தையும் கருவேலும் முள்ளுப் புதரும்தான். நம்ம ராமநாதபுரத்துக்காரன் தினம் திட்டுற சீமைக்கருவேலும் அங்கே மண்டிக் கிடக்கு.

அந்தப் பள்ளத்துக்குள்ளே செழிப்பா இருந்தது ரெண்டே கூட்டம். ஒண்ணு கொள்ளைக்காரங்க, இன்னொண்ணு இந்த ஆடு. 1983லே பூலான் தேவி பிண்டு ஊருலே, காந்தி படத்துக்கு முன்னாலே துப்பாக்கியை வச்சுச் சரணடையுற வரைக்கும் ராத்திரி அந்தப் பக்கம் லாரியை ஓரங்கட்ட எங்களுக்குத் தைரியம் கிடையாது. சரணடைஞ்ச பிறகும் கொஞ்ச காலம் கிடையாது.

பகல்லே நிப்பாட்டுவோம். அங்கே ஒரு தாபாவிலே பாத்த பெட்டையை இன்னைக்குக் கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன். உடம்பெல்லாம் வெள்ளை, கழுத்துலேயும் காதுலேயும் மட்டும் செம்மண் நிறத்துலே திட்டு. நெத்தியிலேருந்து மூக்கு வரைக்கும் புடைச்சு வளைஞ்சு, அந்த வளைவு மேலே ஒரு கொத்து முடி. காது ரெண்டும் மடிஞ்சு தாடைக்குக் கீழே தொங்குது. தொட்டியிலே வாயை வைக்கும்போது காது நுனியும் சேர்ந்து நனையுது. பின்னந்தொடையிலே பாவாடை கட்டிவிட்ட மாதிரி அடர்ந்த முடி. முன்னங்கால் ரெண்டையும் இலந்தை மரத்துலே ஊனி, பின்னங்காலிலே எம்பி நின்னு, முள்ளுக்கு நடுவே இருக்கிற கொழுந்தை மட்டும் உதட்டாலே நுணுக்கி எடுக்குது. காலடியிலே பச்சைப் புல்லு கிடக்கு, அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

தாபாக்காரம்மா ஒரு பித்தளை லோட்டாவோட வந்து உக்காந்தா. மடியை ஈரத்துணியாலே துடைச்சு, ரெண்டு காம்பையும் மாத்தி மாத்திப் பீச்சினா. நுரையோட எங்க டீக்கு ஆச்சு. ஆட்டு வாடை அடிக்கும்னு மூக்கைச் சுளிச்ச என் கிளீனர் பய ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சான்.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, அது நடந்து திரியுற ஆடு. பள்ளம் இறங்கி மேடு ஏறி, தலையை நிமித்திக்கிட்டுத் தழை கடிக்கப் பிறந்தது. நீ பரண் போட்டு, பலகை அடிச்சு, கோ-4 புல்லை மிஷின்லே நறுக்கி அதுக்கு முன்னாலே கொட்டப் போறே. கொட்டு. முத நாள் புல்லை மோந்து பாக்கும். ரெண்டாம் நாள் உன் மூஞ்சியைப் பாக்கும். மூணாம் நாள் நீ எனக்குப் போன் பண்ணுவே. அதுக்குப் பதிலா வேலியோரம் அகத்தி, சூபாபுல், கிளுவை, ரெண்டு வேம்பு வச்சு, அது தழைஞ்ச பிறகு ஆட்டைப் பத்தி யோசிக்கலாம். ஆனா மரம் வளருற வரைக்கும் காத்திருக்கிறதை எந்த வீடியோக்காரனும் காட்ட மாட்டான், பாக்கிறவன் தூங்கிருவான்.

கணக்குக்கு வருவோம். மதுராவுக்குப் பக்கத்துலே மக்தூம்னு ஒரு இடம். ஆட்டுக்குன்னே 1979லே மத்திய சர்க்கார் அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் வச்சுது. ஜமுனாபாரியை இனம் கெடாமக் காப்பாத்தி, நல்ல கிடாக்களை ஊருக்குக் குடுக்கிறதும் அவங்க வேலை. நம்ம ஊரு பழைய கால்நடை டாக்டர் அங்கே போய்ப் பாத்துட்டு வந்தவுக. அவுக சொன்ன கணக்குலே வளர்ந்த கிடா சுமார் 45 கிலோ, பெட்டை 38 கிலோ. பால் நாளைக்கு ஒன்றரை லிட்டர், நல்ல பெட்டையா வாய்ச்சா ரெண்டு. ஒரு ஈத்துக்கு, ஆறு மாசம் போல, 200 கிலோ சொச்சம். வெள்ளாட்டுக்கு இது சின்னக் கணக்கு இல்லே. நம்ம நாட்டுலே பாலுக்குப் பேர்போன ஆடுன்னா இதையும் பஞ்சாபுப் பீட்டலையும்தான் முன்னாலே சொல்லுவாங்க. ஒன்றரை லிட்டருக்கும் வீடியோவிலே சொன்ன அஞ்சு லிட்டருக்கும் நடுவே இருக்கிற மூன்றரை லிட்டரை எங்கே கறக்கிறதுன்னு அந்த வெள்ளை வேட்டிக்காரரைத்தான் கேக்கணும். முத்தத்துக் குழாயிலே கறப்பாரா இருக்கும்.

குட்டிக் கணக்கு இன்னும் ருசியானது. பெட்டை தலை ஈத்துக்கு வர ரெண்டு வயசு நெருங்கிரும். அஞ்சு மாசம் சினை. போடுறது பெரும்பாலும் ஒத்தைக் குட்டி. வருசத்துக்கு ஒரு ஈத்துன்னு வச்சுக்கோ. நம்ம கன்னி ஆடு ரெட்டைக் குட்டி போடுறது சாதாரணம். வங்காளத்துக் கருப்பு ஆடு பாக்கக் குள்ளம், மூணு குட்டிகூடப் போடும். கறிக்கு விக்கிறவன் குட்டியை எண்ணணும், பாலுக்கு வளர்க்கிறவன் லிட்டரை எண்ணணும். நீ காதை எண்ணிக்கிட்டு இருக்கே. பயப்படாதே, உன் லோனுக்கு வட்டி மாசம் தவறாமக் குட்டி போடும், அதுலே ஒத்தை ரெட்டைங்கிற சந்தேகமே வேண்டாம்.

அதுக்காக இந்த ஆட்டை நான் இளக்காரம் பண்ணுதேன்னு நினைக்காதே. இதோட பவுசு உலகம் பூராச் சுத்தினது. வெள்ளைக்காரன் இங்கேருந்து ஊருக்குத் திரும்பும்போது கப்பல்லே பாலு வேணுமே, ஃபிரிட்ஜ் ஏது அப்போ? பால் ஆட்டைக் கப்பல்லே ஏத்திருவான். வழியெல்லாம் கறந்து குடிச்சுட்டு லண்டன் துறைமுகத்துலே இறங்கினதும் வித்துருவான். ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு. அந்த ஊருக்காரன் 1879லேயே ஆட்டுக்குன்னு சங்கம் வச்சவன். 1896 வாக்குலே ஜமுனாபாரிக் கிடா ஒண்ணு அங்கே போய்ச் சேர்ந்துது. அதுக்கு அவன் வச்ச பேரு செட்ஜ்மியர் சான்சலர். சான்சலருங்கிறது நம்ம பல்கலைக்கழகங்களுக்குக் கவர்னர் வச்சிருக்கிற பட்டம். ஆட்டுத் தாடியையும் கவர்னரையும் ஒரே மூச்சுலே பேசுறது நம்ம ஊர் அரசியல்லே பழைய வழக்கம், அந்த வம்புக்கு நான் வரலை.

இந்த மாதிரிப் போன கிடாக்களும், எகிப்துப் பக்கத்துத் தொங்கு காதுக் கிடாக்களும், இங்கிலாந்துப் பெட்டைகளும் கலந்து உண்டானதுதான் ஆங்கிலோ நூபியன். 1909லே அமெரிக்காவுக்கும் போச்சு. பாலிலே கொழுப்பு ஜாஸ்தி, அதனாலே பாலாடைக்கட்டி போடுறவன் தேடிப் பிடிப்பான். பேரிலே இங்கிலாந்து இருக்கு, எகிப்துக்குத் தெக்கே உள்ள நூபியாவும் இருக்கு. வளைஞ்ச மூக்கைக் குடுத்த யமுனைக் கரையைத்தான் காணோம்.

ஜாவாக்காரன் பரவாயில்லை. டச்சுக்காரன் கொண்டுபோய் இறக்கின ஆட்டை அவன் ஊருக் குட்டையான ஆட்டோட சேர்த்து ஒரு புது இனமே உண்டாக்கினான். ஆனா எத்தாவான்னு நம்ம இட்டாவா பேரை மறக்காம வச்சுக்கிட்டான். காலிகெசிங்னு ஒரு மலைப்பக்க ஊருலே கருந்தலை ஆடாப் பொறுக்கி வளர்த்து, அழகுப் போட்டி நடத்தி, பாலையும் வித்துப் பொழைக்கான். இலங்கையிலே கொட்டுக்கச்சிய ஆட்டுலேயும் இதோட ரத்தம் ஓடுது.

பாலுன்னதும் ஞாபகம் வருது. கறந்ததை யாருக்கு விக்கப் போறே? எட்டயபுரம் சந்தையிலே ஆட்டுப்பால் லிட்டர் என்ன விலைக்கு எடுப்பீங்கன்னு கேட்டுப் பாரு, உன்னை மேலேயும் கீழேயும் பாப்பான். கைப்புள்ளைக்குச் சளின்னா ஒரு சங்கு கேட்டு வருவாங்க, அதுக்குக் காசு வாங்கினா ஊரு பேசும். வேணும்னா காந்தி படத்தைப் போட்டு விளம்பரம் பண்ணு. அவுக 1912லே பாலே குடிக்கிறதில்லைன்னு விரதம் எடுத்தாக. 1918லே சீக்கிலே விழுந்து, பிழைக்கிறதே சந்தேகம்னு ஆனப்போ கஸ்தூரிபாதான் ஒரு சந்து வழியைக் கண்டுபிடிச்சாக. விரதம் எடுத்தப்போ நினைச்சது பசுவையும் எருமையையும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடைன்னு கேட்டாக. பாரிஸ்டருக்கே சட்டம் சொன்ன பொம்பளை! காந்தியும் குடிச்சாக. சொல்லைக் காப்பாத்திட்டேன், விரதத்தோட உசிரை விட்டுட்டேன்கிற மாதிரி பிறகு எழுதியும் வச்சாக. ஆட்டுப்பாலிலே கொழுப்பு சின்னச் சின்ன மணியா இருக்கும், சீக்கிரம் செரிக்கும், அது நிசம். ஒரு கூறு மட்டும் கேட்டுக்கோ. கிடாயைப் பால் ஆடுகளோட ஒரே கொட்டகையிலே கட்டாதே. அந்த வாடை பாலுக்கு ஏறும், பிறகு காந்தி படத்தைப் போட்டாலும் விலை போகாது.

வாங்குற அன்னைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகாதே, யாவாரிக்குச் சங்கடமா இருக்கும். நீ மட்டும் போனா அவனுக்குச் சந்தோசம். முந்தின நாள் சாயங்காலம் கறக்காம விட்டு, காலையிலே புடைச்சு நிக்கிற மடியைக் காட்டுவான். நீ போட்டோ எடுத்துக்கோ. உப்பைத் தீவனத்துலே கலந்து, தாகத்துக்குத் தொட்டித் தண்ணியைக் குடிக்க வச்சு, வயிறு முட்ட நிக்கிற பெட்டையை நல்ல சினைன்னு சொல்லுவான். நீ தலையை ஆட்டு. கீழ் உதட்டைப் பிரிச்சுப் பல்லைப் பாக்காதே. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்து தேய்ஞ்ச கிழமான்னு தெரிஞ்சுபோச்சுன்னா வாங்குற ஆசையே போயிரும். துண்டுக்கு அடியிலே விரலைப் பிடிச்சு விலை பேசின காலமெல்லாம் போச்சு, இப்போ போட்டோவைப் பாத்து முன்பணம் அனுப்புதாங்க. ஆடு வந்தாத்தானே பல்லைப் பாக்க?

இந்த நக்கலை எல்லாம் தலைகீழாப் புரிஞ்சுக்கிற புத்தி உனக்கு இருக்குன்னு நினைக்கேன். இருந்தாலும் ஆச்சி முகத்துக்காக ஒழுங்காவே சொல்லிருதேன். ரெண்டு வேளை நீயே கறந்து பாக்காம பால் ஆட்டுக்கு விலை பேசாதே. பல்லைப் பாரு. மடியை அமுக்கி உள்ளே கட்டி கிட்டி இருக்கான்னு பாரு. குட்டியைப் பாத்து ஆடு வாங்கு, தாயோட நிக்கிற குட்டி தெம்பா இருந்தா தாய்க்குப் பால் இருக்கு. வடக்கேயிருந்து லாரியிலே நெருக்கி நிறுத்திக் கொண்டுவார ஆடு எப்படி வந்து இறங்கும்னு லாரிக்காரன் எனக்குத் தெரியும். மூக்குலே சளி, கண்ணுலே பீளை, காலிலே நடுக்கம். வந்ததும் நம்ம ஆட்டோட சேர்க்காமத் தனியாக் கட்டி, மூணு வாரம் போல பாரு. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் ஊசி போட்டிருக்கான்னு டாக்டர்கிட்டே கேளு. மழைக் காலத்துலே கொட்டகை ஈரமா இருந்தா குட்டி தாங்காது. தொடை முடியிலே புழுக்கையும் மூத்திரமும் அப்பிக்கிடும், கத்தரிச்சு விடு.

அரிய இனம்னு அந்த வீடியோ விளம்பரத்துலே போட்டிருக்கான். அந்த ஒரு சொல்லு மட்டும் பொய்யில்லே. எப்படி அரிதாச்சுன்னும் தெரிஞ்சுக்கோ. சகர்நகர்ப் பக்கம் இதை வச்சிருந்தது நிலபுலன் இல்லாதவன், நாலு ஆடு அஞ்சு ஆடு வச்சுப் பொழைச்சவன். வெளியூரு யாவாரி வந்து மந்தையிலேயே பெரிய கிடாயா, மடி நல்லா இருக்கிற பெட்டையாப் பாத்து விலை கேப்பான். பொண்ணு கலியாணம், வைத்தியச் செலவு, அவன் குடுத்துத்தான் ஆகணும். மிஞ்சின கிடாக்குட்டி பக்ரீத்துக்குப் போயிரும். ஊருக்குள்ளே பொலிக்கு நிக்கிறது யாருக்கும் வேண்டாத சோதாக் கிடா. பள்ளத்தையும் மெல்ல மெல்லச் சமப்படுத்தி உழ ஆரம்பிச்சாச்சு, மேய்ச்சக்காடு சுருங்கிப்போச்சு. நாடு பூரா ஜமுனாபாரின்னு பேரு பரவிக்கிடக்கு, சொந்த ஊருலே சுத்தமான ஆட்டைத் தேட வேண்டியிருக்கு. இங்கே நம்ம பக்கம் ஜமுனாபாரின்னு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுலே நிறைய, வடக்கத்திச் சோஜத் ஆடும் பீட்டலும் கலந்த காது நீட்டம்தான். பாலுக்கு ஆசைப்பட்டு வாங்கிக் கெடுத்தது போய், இப்போ காதுக்கு ஆசைப்பட்டுக் கெடுக்காங்க.

அதனாலே நீ வாங்குறதை நான் தடுக்கலை. பால்தான் வேணும், வீட்டுக்கும் நாலு பேருக்கும் குடுக்கலாம்னா, கறந்து பாத்து ரெண்டு பெட்டையும் அதுகளுக்கு ரத்த உறவில்லாத ஒரு கிடாயும் வாங்கு. கறி யாவாரம்னா நம்ம கரிசல்லே கன்னியை மிஞ்சின ஆடு கிடையாது. கருகருன்னு உடம்பு, நெத்தியிலேருந்து மூக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளைன்னா பால்கன்னி, செவலைன்னா செங்கன்னி. காஞ்ச காட்டுலே கிடைச்சதைத் தின்னுட்டு ரெட்டையாப் போட்டு ரெண்டையும் வளர்த்துரும்.

ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், இதுலே நக்கல் இல்லே. உன் கிடா வந்து இறங்கினதும் காது நீளத்தைப் பாத்துட்டு ஊருலே பாதிப் பேரு தங்களோட கன்னிப் பெட்டையை ஓட்டிக்கிட்டு வாசல்லே வந்து நிப்பான். தடவைக்கு இவ்வளவுன்னு காசும் நீட்டுவான். வாங்காதே. மந்தையிலே கிடாயை அவுத்தும் விடாதே. கலப்புக் குட்டி ரெண்டு தலைமுறை இறங்குச்சுன்னா, இட்டாவாக்காரன் ஜமுனாபாரியைத் தேடுற மாதிரி நாமளும் எட்டயபுரத்துலே கன்னியைத் தேட வேண்டியதுதான். எவனாவது பெட்டையோட வந்தா உக்கார வச்சு ஒரு டீ குடுத்து, கன்னிக் கிடா நிக்கிற வீட்டுக்கு வழியைக் காட்டி அனுப்பிரு.